ஈரச்சாக்கு

"இனிமே செட்டுக் கதவைத் தொறந்து வெச்சுட்டுத்தான் கரி பத்த வெக்கோணும். அதை நீங்க உங்க வாயால எங்கப்பாகிட்டச் சொல்லோணும்."

சாரதாமணி இதைச் சொன்னபோது மயில்சாமி முதலாளி வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரல் பாதியில் நின்றது. மேசைகளில் குனிந்திருந்த குமாஸ்தாக்கள் தலையைத் தூக்காமலே காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "மொதலாளி முன்னால போய் நின்னு அரிசி கேளு, துணி கேளு, ஊட்டுக்கு ஓடு மாத்தித் தரச்சொல்லிக் கேளு. கதவுங்கற பேச்சை மட்டும் எடுத்துறாத. நம்மூட்டு வாயில இருந்து அந்த வார்த்தை வரப்படாது." பழனியம்மாள் இதை அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. சாரதாமணி ஏழாவது படித்த வருஷத்திலிருந்து சொல்லிவந்தாள்.

அந்த வருஷம்தான் பேக்டரி எரிந்தது. திருப்பூரில் பருத்தியரைக்கும் ஜின்னிங் பேக்டரிகளுக்கு அப்போது குறைவில்லை. பருத்தியிலிருந்து கொட்டை வேறு பஞ்சு வேறாகப் பிரித்து, பேல் கட்டி, நூல் மில்லுக்கு அனுப்புகிற இடம். அதன் நடுக்களத்தில் கூரை உயரத்துக்குப் பருத்தி குவிந்து கிடக்கும். சாரதாமணியின் அப்பா சென்னியப்பன் அங்கே எஞ்சின் ரூமில் இருந்தார். சித்திரைப் புழுக்கம் தாங்காமல் அவர் எஞ்சின் ரூம் கதவைத் திறந்து வைத்தார் என்றும், புகைக்குழாயிலிருந்து வந்த பொறி அந்த வழியாகத்தான் பறந்து களத்தில் விழுந்தது என்றும் சொன்னார்கள். சொன்னது முதலாளி. யாரும் விசாரிக்கவில்லை. களத்துமூலையில் பருத்தி பொறுக்கிக்கொண்டிருந்த குப்பாயி வெளியே வரவில்லை. மறுநாள் அவளைச் சாக்கில் அள்ளினார்கள்.

முதலாளி சென்னியப்பனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. போலீசிடம் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பேக்டரி ஆட்களுக்கான லைன் வீட்டிலேயே இருக்கவிட்டார். பெண்ணைக் காலேஜில் சேர்க்கப் பெரிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி உதவினார். அதற்குப் பிறகு சென்னியப்பன் அந்தப் பேக்டரியில் நிமிர்ந்து நடந்ததை ஒருவரும் பார்த்ததில்லை. காலேஜுக்குப் போய் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வந்த சாரதாமணிக்கு இதெல்லாம் பெரிய மனசாகத் தோன்றவில்லை. அப்பாவை நிறுத்தியிருந்தால் அவர் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்திருப்பார். நிறுத்தாமல் வைத்துக்கொண்டதால்தான் குனிந்தே போனார் என்று அவள் நினைத்தாள். நினைத்ததை வெளியில் சொல்லவும் செய்தாள். அதனால் லைனில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

முதலாளி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சாவகாசமாக மென்றார்.

"கதவு," என்றார். "சென்னியப்பன் புள்ள எங்கிட்ட வந்து கதவைத் தொறந்து வெய்யிங்கறா. கேட்டுக்கிட்டீங்களாப்பா எல்லாரும்?"

"அன்னைக்கு எதைத் தொறந்தாங்கன்னு இல்லீங்க, இன்னைக்கு எதைச் சாத்தறாங்கங்கறதுதான் பேச்சு," என்றாள் அவள். "எங்கப்பாவுக்குத் தெனமும் தலைவலிங்க. காலையில சோறு உள்ள எறங்கறதில்ல, வாந்தி. நடந்தா அச்சாணி கழண்ட வண்டியாட்ட ஒரு பக்கமாப் போறாரு. நேத்து எம் பேரை மறந்துட்டு என்னை எங்க அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. லைன்ல கள்ளச்சாராயம் குடிக்கறாருன்னு பேசிக்கறாங்க. அவரு பீடி கூடக் குடிக்கறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

காரணம் அந்த டிராக்டர்தான். கிணற்றடியிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து அரைவை ஹாலுக்கும், பேல் குடோனுக்கும் நாளெல்லாம் டிரெய்லர் இழுக்கிற பழைய மண்ணெண்ணெய் டிராக்டர். போன வருஷக் கடைசியில் எங்கோ அரபு நாட்டில் எண்ணெய் தரமாட்டோம் என்று சொல்ல, இங்கே ரேஷன் கடையில் விளக்குக்கே எண்ணெய் இல்லாமல் போயிற்று. டீசலுக்கும் அதே கதிதான். மாடு கட்டலாம் என்றால் பருத்தி வரத்து அதிகம். அப்போதுதான் பிட்டர் அலாவுதீன் ஒரு யோசனை சொன்னான். யுத்தகாலத்தில் பஸ்களெல்லாம் கரியில் ஓடியதைச் சிறுபிள்ளையாய்ப் பார்த்தவன். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் உருக்குவதற்கு வாங்கிப்போட்டு உருக்காமலே கிடந்த பஸ்ஸின் கரி உருளை ஒன்றைக் கொண்டுவந்து டிராக்டரின் பக்கவாட்டில் வைத்துப் போல்ட் போட்டு முடுக்கினான். உருளைக்குள் மூலனூர்ப் பக்கத்து வேலங்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைக்காத்தாடியைச் சுற்றினால் கரி அரைகுறையாக எரிந்து ஒரு வாயு வரும். அது குழாய்முனையில் நீலமாக நின்று எரிய ஆரம்பித்ததும் எஞ்சினுக்குத் திருப்பிவிடவேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் வாயுவை அதுவே இழுத்துக்கொள்ளும், பொறி வெளியே வராது. பற்றவைத்துக் காத்தாடி சுற்றுகிற நேரத்தில்தான் குழாயிலிருந்து பொறி சிதறும்.

பஞ்சுப் பேக்டரிக்காரன் பாம்புக்குப் பயப்படமாட்டான், பொறிக்குப் பயப்படுவான். அதனால் டிராக்டரைத் தகரச் செட்டுக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி, தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள சந்து பொந்தெல்லாம் தண்ணீரில் நனைத்த சாக்கைத் திணித்து அடைத்துவிட்டுத்தான் கரி பற்றவைப்பது என்று ஒரு முறை வைத்தார்கள். அந்த முறையை வைத்தவர் முதலாளி. அதை ஒரு நூல் பிசகாமல் செய்தவர் சென்னியப்பன். சாக்கை நனைப்பதற்கென்றே ஒரு கல்தொட்டி ஒதுக்கி வைத்திருந்தார்.

"அந்தக் கரியில இருந்து வர்றது கார்பன் மோனாக்சைடுங்க," என்றாள் சாரதாமணி. "வெசம். அடைச்ச எடத்துல அதை மூச்சு இழுத்தா ரத்தத்துல போய் ஒட்டிக்கும். ஒட்டுனா லேசுல விடாது."

"வாசம் அடிக்குமா?"

"இல்லீங்க."

"பொகையாட்டக் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நெறமும் இல்ல."

"வாசமும் இல்ல, நெறமும் இல்ல, கண்ணுக்கும் தெரியாது, ஆனா இருக்குது." முதலாளி குமாஸ்தாக்கள் பக்கம் திரும்பினார். "எங்க கோயில் பூசாரியும் இதையேதான்ப்பா சொல்றான். அவன் பி.எஸ்.சி. படிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். சாரதாமணி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"கதவு தொறக்கறதுக்குப் பயமா இருந்தா, டிராக்டரை வெளிய தள்ளிட்டுப் போயி வேலிக்கு அந்தப் பக்கம் இட்டேரிப் பாதையில வெச்சுப் பத்தவெக்கலாமுங்க. அங்க பஞ்சும் இல்ல ஒண்ணுமில்ல."

இட்டேரி என்றதும் அவர் முகத்தில் இருந்த விளையாட்டுப் போய்விட்டது. "ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் பாக்கறதுக்கா? இன்சூரன்ஸ்காரன் காதுக்கு மறுநாளே போயிரும். காம்பவுண்டுக்குள்ள நெருப்பே இல்லைன்னு எழுதிக் குடுத்துத்தான அவன்கிட்ட இன்சூரன்ஸ் வாங்கி வெச்சிருக்கறேன், அந்தத் தீக்கப்பறம்."

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயமுத்தூரிலிருந்து இன்சூரன்ஸ் ஆள் வருகிற நாளில் டிராக்டரைத் தார்ப்பாய் போட்டு மூடி, பேல் அடுக்குக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். டீத்தண்ணி போடுகிற அடுப்பைக்கூட அன்றைக்கு வெளியே தூக்கிப் போய்விடுவார்கள்.

அவள் நகராமல் நின்றதைப் பார்த்து முதலாளிக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். அல்லது படித்த பெண் ஊரெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிவாளே என்று தோன்றியிருக்கலாம். "சரி அம்மிணி," என்றார். "கதவு கதவா இருக்கட்டும். செட்டுக் கூரையில ஒரு மொறத்தகலத்துக்கு ஓட்டை போட்டுக்கச் சொல்றேன். பொறி வராம அதுக்குக் கம்பிவலை வெச்சு அடிச்சுக்கலாம். உன் காத்து அது வழியாப் போயிருமா, இல்ல அதுக்கும் பரிச்ச எழுதோணுமா?"

"போயிருமுங்க," என்றாள்.

அலாவுதீன் அன்று சாயங்காலமே தகரத்தில் ஓட்டை போட்டான். கம்பிவலைக்கு மட்டும், "மொதலாளி கோயமுத்தூர் போறப்ப வாங்கியாறாராம்," என்றான்.

வீட்டில் பழனியம்மாள் பேசவில்லை. தட்டில் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அப்பா சுவரோரம் உட்கார்ந்து இரண்டு பொட்டையும் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா, நீங்களே கதவைத் தொறந்து வெச்சா யாரு உங்களைக் கையைப் புடிக்கறாங்க? அந்நேரத்துக்கு அங்க ஒருத்தரும் இல்லியே."

"அதுக்குத்தான் கண்ணு சாத்தறேன். ஒருத்தரும் இல்லைன்னுதான் அன்னைக்கும் தொறந்தேன்."

"உங்களாலதான் தீப் புடிச்சுதுன்னு நீங்க கண்ணால பாத்தீங்களா? அந்தாளு சொன்னதுதான?"

"பாக்கலை," என்றார். பொட்டிலிருந்து விரலை எடுத்து, "பாக்கலைங்கறதுனாலதான் தூக்கம் வர்றதில்ல," என்றார். "பாத்திருந்தா, ஆமா நாந்தான்னு ஒரேடியாக் கும்புட்டு உழுந்திருப்பேன். இல்லைன்னா இல்லைன்னு தலையத் தூக்கியிருப்பேன். குப்பாயி அன்னைக்குக் காத்தால எங்கிட்ட வந்து எஞ்சின் சூட்டுல சோத்துப்போசியை வெச்சு எடுத்துக்கிட்டா. சூடா இருக்குதுன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்குது சாமி. இன்னொரு பொறி அந்தக் களத்துல உழுகறதுக்கு முன்னால நான் உள்ளயே கெடந்துக்கறேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அப்பா மேலா, முதலாளி மேலா, செத்துப்போன குப்பாயி மேலா என்று பிரிக்கத் தெரியாத கோபம். "உள்ள கெடந்தீங்கன்னா செத்துப்போவீங்க. நான் படிச்சிருக்கறேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஓட்டை போட்டது வேலை செய்தது. இது அவளுக்குப் பிற்பாடு எப்போதும் நினைவில் நின்றது. வைகாசி முடிகிறவரை அப்பா தெளிந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். சோறு கேட்டார். போட்ட சோறு பத்தவில்லை என்று இன்னொரு கரண்டி கேட்டார். பழனி பாதயாத்திரையில் பாடுகிற பாட்டை வாய்க்குள் இழுத்தார். "ஏங்கண்ணு, கவர்மென்ட் வேலைக்கு எழுதிப் போட்டியே, பதில் வந்துச்சா?" என்று அவளைக் கேட்டார். அம்மாவும் மெல்லப் பேச ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்ததும், "எல்லாம் வாய் இருக்கறவளுக்குத்தான் நடக்கும்போல," என்று குத்திவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அதுதான் பாராட்டு.

ஆனி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோயமுத்தூரைத் தாண்டித் திருப்பூருக்குள் நுழைந்தால் மண்ணைக் கிளப்பி வாயில் போடும். களத்துப் பருத்தியின் மேல் தார்ப்பாயைக் கட்டிக் கல் தூக்கி வைத்தார்கள். அந்தக் காற்றில் செட்டின் ஓட்டை வழியாகப் பொறி மேலே எழும்பிப் போவதை ஒருநாள் விடிகாலையில் களத்துப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். அலறவில்லை, முதலாளியிடம் போய்ச் சொன்னார்கள். முதலாளி சென்னியப்பனைக் கூப்பிட்டுக் களத்தின் நடுவில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் கேட்டார்.

"மறுக்காவுமா சென்னியப்பா?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கம்பிவலையைப் பற்றியும் இல்லை.

சாரதாமணி அன்றைக்கே அலாவுதீனைப் போய்ப் பிடித்தாள். அவன் ஒர்க்‌ஷாப்பில் ஏதோ வாஷரை மாற்றிக்கொண்டிருந்தான்.

"வலை எங்கண்ணா?"

"மொதலாளி இன்னும் கோயமுத்தூர் போகலியாமா தங்கச்சி."

"கம்பிவலை திருப்பூர்ல கெடைக்காதா? பார்க் ரோட்டுல கடைகடையாத் தொங்குது. நானே வாங்கியாறேன், நீங்க அடிச்சுக் குடுங்க."

அலாவுதீன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். "அவுரு சொல்லாம நான் தகரத்துல ஆணி வெச்சா எம்பட சோலி போயிரும். எனக்கு மூணு புள்ளைக. எம் பொஞ்சாதி ஜுபைதா மறுபடி முழுகாம இருக்கா. நான் அவுருகிட்ட ஞாபகப்படுத்தறேன். வர்ற வெள்ளிக்கெழம போறாராம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அண்ணனைச் சித்த பாத்துப் பத்தவெக்கச் சொல்லு."

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வியாழக்கிழமை வந்தது.

காலையில் பருத்தி ஏற்றுகிற பெண்கள் களத்தில் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டிராக்டர் இன்னும் வரவில்லையே என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். செட்டுக்குள்ளிருந்து காத்தாடிச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அலாவுதீன்தான் கதவை உதைத்தான். ஈரச்சாக்கு இறுக்கிப் பிடித்திருந்ததால் கதவு லேசில் வரவில்லை.

சாரதாமணி ஓடிவந்தபோது அப்பாவை இன்னும் வெளியே தூக்கவில்லை. டிராக்டரின் சின்னச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, களைத்தவன் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கை காத்தாடிப் பிடியின் பக்கத்தில் கிடந்தது. முகம் சிவந்திருந்தது. அப்படி ஒரு நிறத்தை அவள் அப்பாவிடம் பார்த்ததே இல்லை. எப்போதும் கரியும் எண்ணெயும் அப்பிய முகம், இப்போது கல்யாண மாப்பிள்ளைக்குப் பூச்சுப் போட்டது போலக் கன்னமும் உதடும் செம்பருத்தி நிறத்தில் இருந்தன.

"மொகத்தைப் பாரு," என்றாள் எட்டிப் பார்த்த ஒருத்தி. "பழனிமலையான் கூட்டிட்டுப் போயிட்டான். கெடந்து சீரழியாம எத்தனை பேருக்கு இப்பிடி வரும்?"

கூட்டத்தில் பல கைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டன. அந்தச் சிவப்பு கரிவாயு ரத்தத்தில் ஒட்டியதால் வந்தது என்று சாரதாமணிக்குத் தெரியும். புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. பரீட்சையில் அந்த வரியை எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள்.

அவள் மேலே பார்த்தாள். ஓட்டை இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. மட்கார்டில் காலை வைத்து ஏறி, கையை உயர்த்தித் துழாவினாள். சாக்கு. நாலாக மடித்து, நனைத்து, உள்ளிருந்து இழுத்து இறுக்கித் திணித்த சாக்கு. களத்தின் நடுவில் முதலாளியின் ஒரே ஒரு கேள்விக்கு முன்னால் நின்ற மனிதன் ஏறி நின்று திணித்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது வந்ததும் ஒரு முறத்தகல வெயில் நேராக அப்பாவின் மடியில் விழுந்தது. சாக்கின் ஒரு பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. இன்னொரு பக்கம் கரி படிந்து, அங்கங்கே பொறி பட்டுப் பழுப்புப் பழுப்பாகப் பொசுங்கியிருந்தது. ஒரு பொறிகூட வெளியே போகவில்லை.

பேக்டரிக்கு வாடிக்கையாக வருகிற டாக்டர் வந்தார், மாரடைப்பு என்றார். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும், அறுத்துப் பாக்கோணும்," என்று சாரதாமணி சொன்னதும் சனம் அவளைப் பேயைப் பார்ப்பதைப்போலப் பார்த்தது. பழனியம்மாள் பிணத்தின் மேல் விழுந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "எம்பட புருசன் மேல கத்தி வெச்சீன்னா நானும் அதே கத்தியில போயிருவேன்டி." முதலாளி புதுக்கோடி ஒன்று வாங்கிவரச் சொல்லித் தன் கையாலேயே போர்த்தினார். வெயில் சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். நெருப்புக்குப் பயந்தே வாழ்ந்த மனிதனுக்குக் கொள்ளி வைத்தபோது காற்று பலமாக இருந்தது. பொறி நொய்யல் மணல்மேல் நெடுந்தூரம் பறந்தது.

காரியம் முடிந்த மறுநாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். லைன் வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஆபீசிலிருந்து கூடவே ஒரு நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்தார். அலாவுதீன் வாசற்படிக்கு வெளியே நின்றான். பழனியம்மாள் மூலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சுருண்டிருந்தாள்.

"சென்னியப்பன் எனக்கு வேலைக்காரனாட்ட இல்ல," என்றார் முதலாளி. "தம்பியாட்ட. இந்த ஊட்டை யாரும் காலி பண்ணச் சொல்லமாட்டாங்க. நான் இருக்கறவரைக்கும் நீங்க இங்கதான். அம்மிணிக்கு ஆபீஸ்ல ஒரு சேர் போடச் சொல்லியிருக்கறேன். டைப் அடிக்கத் தெரியுமில்ல? தெரியாட்டிப் பழகிக்கலாம். இந்த லைன்ல இருந்து ஆபீசுக்குள்ள சேர்ல உக்கார்ற மொதல் ஆளு நீதான்."

பழனியம்மாள் மூலையிலிருந்தபடியே கும்பிட்டாள்.

"செட்டுல இனி யாரு பத்தவெக்கறாங்க?" என்றாள் சாரதாமணி.

முதலாளி அம்மாவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி?"

அவள் வாசலைப் பார்த்துக் கேட்டாள். "அலாவுதீண்ணா, நாளைக்கு யாரு?"

அலாவுதீன் காலைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் தங்கச்சி," என்றான்.

"கதவு?"

அவன் முதலாளி பக்கம் பார்த்தான். அவரைப் பார்த்ததே பதிலாகிவிட்டது.

"ஓட்டைக்கு வலை வாங்கியாச்சு," என்றார் முதலாளி. "அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கப்பன் அவசரப்பட்டுட்டான். நான் ஓட்டை போட்டுக் குடுத்தேனா இல்லியா? நாலு பேருக்குத் தெரியும். அதை அடைச்சது யாரு? நானா ஏறி அடைச்சேன்?"

"அன்னைக்குத் தொறந்ததும் அவரு. இன்னைக்கு அடைச்சதும் அவரு," என்றாள் சாரதாமணி. "அப்ப பஞ்சுக்களத்துக்குள்ள நெருப்புக் கொண்டாரச் சொன்னது யாருங்க?"

"ஏய்," என்றாள் அம்மா.

"வலையைக் காட்டுங்க," என்றாள் அவள். "வாங்கியாச்சுன்னீங்கள்ல? அண்ணா, வலையைப் பாத்தீங்களா?"

அலாவுதீன் முகத்தைக் களத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாற்காலி கிறீச்சிட்டது. முதலாளி குரலை உயர்த்தாமல் பேசினார். அவர் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அம்மிணி, நீ படிச்சவ. ஒண்ணு ரோசனை பண்ணிக்க. டிராக்டர் நின்னா பருத்தி நிக்கும். பருத்தி நின்னா பேக்டரி நிக்கும். இந்த லைன்ல எத்தனை ஊட்டுல அடுப்பு எரியுதுன்னு உனக்கே தெரியும். ஒன்ற வாய்க்கு இந்த லைனே பட்டினி கெடக்கோணுமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது பொய் இல்லை. இந்த லைனில் எல்லா வீட்டுச் சோறும் அந்தக் களத்திலிருந்துதான் வருகிறது. குப்பாயி சோற்றைச் சூடு பண்ணிக்கொண்டதும் அங்கேதான். அதற்காகத் தான் பேசாமல் இருந்தால், நாளை விடிகாலையில் அலாவுதீன் கல்தொட்டியில் சாக்கை நனைப்பான். அது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் உள்ளே போனாள். அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப்போட்டிருந்த சாக்கை எடுத்தாள். அன்றைக்குச் செட்டிலிருந்து கொண்டுவந்ததை அவள் துவைக்கவில்லை, அம்மாவையும் தொடவிடவில்லை. பொசுங்கிய பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கொடியிலிருந்த மேல்துணியை எடுத்துப் போர்த்தினாள்.

"எங்கடி?" என்றாள் பழனியம்மாள்.

"கோயமுத்தூருக்கு. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு."

முதலாளியின் வாயில் வெற்றிலை மெல்லுவது நின்றிருந்தது. அலாவுதீன் படியைவிட்டு விலகி வழிவிட்டான். வழிவிட்டதை முதலாளி பார்த்துவிட்டாரா என்று உடனே திரும்பிப் பார்த்தான்.

"ஊட்டை விட்டுத் தொரத்துவாங்கடி," என்றாள் அம்மா. குரல் மேலே எழவில்லை. "எங்க போய் நிப்பேன் நான்?"

"எங்கூட நிப்பீங்க."

"உனக்கே எடமில்லையே சாமி."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். லைன் நீளத்துக்கும் கதவுகளில் பெண்கள் நின்றார்கள். அப்பா செத்த அன்றைக்கு அவளோடு சேர்ந்து மாரடித்து அழுதவர்கள். இப்போது ஒருத்தியும் கூப்பிடவில்லை. அவள் போகிற காரியம் அவள் வாயிலிருந்து வந்ததற்கும் அவள் வாசலைத் தாண்டுவதற்கும் நடுவில் லைன் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருந்தது.

களத்தை ஒட்டி நடந்தாள். தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. செட்டுக்குப் பக்கத்தில் கல்தொட்டி நிரம்பியிருந்தது. யாரோ நாளைக்காகச் சாக்குகளை இன்றைக்கே ஊறப்போட்டிருந்தார்கள். அவள் நிற்கவில்லை. கேட்டில் வாட்ச்மேன், "கக்கத்துல என்ன அம்மிணி?" என்றான். பேக்டரிச் சரக்கு வெளியே போனால் கேட்கவேண்டியது அவன் வேலை.

"எங்கப்பா சாக்கு," என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.